பிழைத்தவர் கணக்கு

ஜனவரி 28

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். ‘மூன்று பேரும்’ என்று எழுதும்போது கை ஒரு நிமிடம் நின்றது. போன மாதம் ஐ.சி.யூ. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு இப்படி எழுதுவோம் என்ற நம்பிக்கை இல்லை.

உன் மாமா நிமோனியா தேறி வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. ஆள் பாதியாகிவிட்டார். சட்டை, ஹேங்கரில் தொங்குவதுபோல் தோளில் தொங்குகிறது. ஆனால் நடக்கிறார். நேற்று கேட் வரைக்கும் போய், அதைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். டிரைவிங் ஸ்கூலிலிருந்து அவர் பழைய மாணவன் ஒருவன் வந்து, “சார், நீங்க வந்து பக்கத்து சீட்ல உக்காந்தா போதும், நான் ரிவர்ஸ் எடுத்துக் காட்டுறேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். இன்னமும் அவனுக்கு ரிவர்ஸ் வரவில்லையாம்.

அன்றைக்கு நீ போனில், “கையெழுத்துப் போடுக்கா, எதிலயும் குறை வராது, நான் இருக்கேன்” என்று சொன்னாய். நீ சொன்னதால்தான் உன் ஆய்வில் அவரைச் சேர்க்கக் கையெழுத்துப் போட்டேன். எழுதியிருந்தது பாதி புரியவில்லை. ஆள் திரும்பி வந்துவிட்டார், எனக்கு அது போதும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போன் சத்தம் அவருக்கு ஆகவில்லை, அதனால் வீட்டில் போனை எடுத்து வைத்துவிட்டேன். நான் வேலை பார்க்கும் கடையில் போன் இருக்கிறது, ஆனால் முதலாளி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லோர் வீட்டுக் கதையையும் கேட்பார். கண்ணாடிக்கடை விலாசத்துக்கே பதில் எழுது.

அக்கா

*

பிப்ரவரி 15

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்குச் சளி, வேறொன்றுமில்லை. மாமா கேட் வரை நடந்தார் என்று படித்ததும் வார்டில் எல்லோருக்கும் அந்த வரியை வாசித்துக் காட்டினேன். எங்கள் வேலையில் இப்படி ஒரு வரி கிடைப்பது அபூர்வம். எங்கள் கையை விட்டுப் போகிறவர்கள் அதற்குப் பிறகு எங்கள் கண்ணில் படுவதே இல்லை.

நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வெண்டிலேட்டரில் இருப்பவரை முதல் சில நாட்கள் ஆழ்ந்த மயக்கத்தில் வைப்பது ஒரு வழி. நெற்றியில் ஒட்டிய ஒரு பட்டை மூளையின் அலையை மானிட்டரில் காட்டும், அதைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைப்போம். இதுவரை எல்லோரும் செய்துவருவதுபோல் லேசான மயக்கத்திலேயே வைப்பது இன்னொரு வழி. எது அதிகம் பேரைக் காப்பாற்றும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. தெரியாததால்தான் யார் எந்தக் குழு என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுகிறது. அதில் நான்கூடக் கைவைக்க முடியாது.

மூன்று மாதம் கழித்து உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்பது முதல் கட்டம். ஆறாவது மாதம் ஒரு நர்ஸ் வீட்டுக்கே வந்து தூக்கம், ஞாபகம், மனநிலை எல்லாம் விசாரிப்பார். அது இரண்டாம் கட்டம்.

மாமா நிற்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன். ஆசையாக இருக்கிறது.

தம்பி

*

மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

சின்னவனுக்குச் சளி விட்டதா? இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. கேட்ட போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன். சிரிக்கச் சொன்னேன், சிரித்தார்.

மகள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். வீட்டிலிருந்தே காலேஜ் பக்கம்தான், ஆனாலும் அங்கே படிக்க வசதி என்றாள். சரி என்றேன்.

அவர் கட்டிலில் படுப்பதில்லை. முன்னறையில் நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்குகிறார். படுத்தால் கூரை முகத்துக்கு நேரே வருகிறதாம். மைக்ரோவேவ் அடுப்பு ‘பீப்’ என்றால் எழுந்து சமையலறைக்குப் போய் அதன் பிளக்கைப் பிடுங்குகிறார். இப்போது அடுப்பைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. கொஞ்ச நாளில் சரியாகும் இல்லையா?

டிரைவிங் ஸ்கூலில் அவரை மறுபடி கூப்பிட்டார்கள். காரில் ஏறி உட்கார்ந்தார், சீட் பெல்ட் போட்டதும் இறங்கிவிட்டார். அந்த மனிதரை உனக்குத் தெரியுமே. எத்தனை பேர் சுவரில் கொண்டுபோய் இடித்திருக்கிறார்கள்! “பரவால்ல, சுவர் எங்கயும் போகாது, இன்னொரு தடவ பாப்போம்” என்பவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். அங்கே அவர் கையைக் கட்டி வைத்திருந்தார்களா? என்னை உள்ளே விட்ட நேரத்தில் போர்வை மூடியிருந்தது, நான் பார்க்கவில்லை. இன்னொன்று, அவர் எந்தக் குழு? அவர்தான் கேட்கிறார். “யாரு கையெழுத்துப் போட்டா?” என்றும் கேட்டார். நான்தான் என்றேன். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதே குறைந்துவிட்டது.

அக்கா

*

ஏப்ரல் 26

அன்பு அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. மூச்சுவிட நேரமில்லை. நீ சுகம்தானே?

முதலில் நல்ல செய்தி. மூன்று மாதக் கணக்கு முடிந்துவிட்டது. ஆழ்ந்த மயக்கத்தில் வைத்த குழுவில் பிழைத்தவர்கள் கூடுதல். மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் துறையில் இந்த அளவு வித்தியாசத்துக்கே ஆயுள் முழுக்கக் காத்திருப்பவர்கள் உண்டு. மாமா அந்தக் குழுதான். யோசித்துப் பார், நம் வீட்டு மனிதர் நம் வழியிலேயே பிழைத்திருக்கிறார்!

மாநாட்டில் இதைப் பற்றிப் பேசினேன். கடைசியில் மாமாவின் போட்டோவைத் திரையில் போட்டேன், முகத்தை மறைத்துத்தான். “இவர் இன்று தன் வீட்டு வாசலில் நிற்கிறார்” என்று சொன்னதும் அரங்கமே எழுந்து கைதட்டியது. உன்னிடம் முன்கூட்டிக் கேட்டிருக்க வேண்டும். சொந்தம்தானே என்று உரிமை எடுத்துக்கொண்டேன்.

கையைக் கட்டுவது பற்றிக் கேட்டாய். மெத்தென்ற துணியால் லேசாகக் கட்டுவார்கள். இல்லையென்றால் தொண்டையில் இருக்கும் டியூபை நோயாளியே பிடுங்கிவிடுவார். எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான். மயக்கத்தைக் குறைக்கும்போது பலருக்கும் கெட்ட கனவுகள் வரும். அது ஞாபகமல்ல, மருந்து செய்யும் வேலை. மாமாவிடம் அப்படியே சொல்.

மகள் ஹாஸ்டலுக்குப் போனது நல்லதுதான், பொறுப்பு வரும்.

தம்பி

*

மே 19

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். கையெழுத்து வேறு மாதிரி இருக்கிறதே என்று பார்க்காதே, ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கும் மகள் எழுதுகிறாள். குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. கடையில் லீவு தந்துவிட்டார்கள். பெரிதாக ஒன்றுமில்லை.

போட்டோவைப் போட்டதற்குக் கோபமில்லை. அவரிடம் சொல்லவில்லை.

நர்ஸ் எப்போது வருவார் என்று மட்டும் எழுது.

அக்கா

மாமா, அம்மா சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்துவிட்டு, தபாலில் போடும் முன் இதைச் சேர்க்கிறேன். அம்மா குளியலறையில் விழவில்லை. அப்பா நாற்காலியில் தூங்கும்போது போர்வையைப் போர்த்திவிடப் போனார்கள். கட்டுகிறார்கள் என்று நினைத்து அப்பா தள்ளிவிட்டார். பிறகு அவரே அழுதார். நான் வீட்டைவிட்டுப் போனது படிப்புக்காக இல்லை. நீங்கள் பெரிய டாக்டர், என்ன செய்வதென்று உங்களுக்குத் தெரியும். அம்மாவிடம் நான் எழுதியதைச் சொல்லாதீர்கள்.

*

ஜூன் 2

அன்பு அக்காவுக்கு,

கை இப்போது எப்படி இருக்கிறது? எலும்பு கூடும்வரை பாரம் எதையும் தூக்காதே. குளியலறையில் ரப்பர் விரிப்புப் போட்டுக்கொள்.

மாமாவின் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதி, உன் ஊரில் இருக்கும் என் சிநேகிதரிடம் சொல்லியிருக்கிறேன். நீ ‘நெட்டை டாக்டர்’ என்பாயே, அவர்தான். போய் வாங்கிக்கொள். ஐ.சி.யூ.விலிருந்து வந்தவர்களுக்குக் கொஞ்ச நாள் எரிச்சலும் பயமும் இருக்கும். உடம்பு தேறத் தேற அதுவும் போய்விடும். பொறுமையாக இரு.

நர்ஸ் ஜூலை முதல் வாரத்தில், ஒரு வியாழக்கிழமை வருவார். மாமாவிடம் முன்கூட்டியே சொல்லி வை. எதையும் மறைக்காமல் சொல்லச் சொல். என்ன கனவு, என்ன பயம், எது ஞாபகம் வருகிறது, எல்லாவற்றையும் கேட்பார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் அதற்கான டாக்டரிடம் அனுப்ப முடியும். பிழைத்தவர்களிடம் உட்கார்ந்து இப்படிக் கேட்கும் ஆய்வுகள் குறைவு. இந்த இரண்டாம் கட்டத்தைச் சேர்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதே நான்தான்.

மருமகளுக்கு என் அன்பு. நன்றாகப் படிக்கட்டும்.

தம்பி

*

ஜூலை 24

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகமா? மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். எழுத்து கோணலாகத்தான் வருகிறது, பொறுத்துக்கொள்.

இத்தனை நாள் உனக்கு ஒன்றும் சரியாக எழுதவில்லை. வெளியூரில் இருக்கிறவனுக்கு ஏன் கவலை கொடுக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே அவரிடம், “ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு நர்ஸ் வந்து உங்ககிட்ட கேப்பாங்களாம்” என்றேன்.

“என்ன கேப்பாங்க?”

“அங்க இருந்தப்ப உங்களுக்கு என்ன ஆச்சுன்னு.”

“எங்கிட்டயா? என்னயே கேப்பாங்களா?”

மூன்று தடவை கேட்டார். அதற்கப்புறம் தம்பி, அவர் பேச ஆரம்பித்தார். நர்ஸிடம் சொல்லிப் பழகிக்கொள்வதுபோல் முதலில் என்னிடம் சொன்னார். அவர் பேசி மாதக்கணக்கில் ஆகியிருந்ததால் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டேன்.

“தலைக்கு மேல ஒரு பொண்ணு இன்னொருத்திகிட்ட, ‘இவரு குலுக்கல்ல விழுந்தவரு’ன்னு சொன்னா. நான் எங்கயோ விழுந்துட்டேன்னு நெனச்சேன். விழுந்துகிட்டே இருந்தேன், தரையே வரல. கத்தலாம்னா வாய்க்குள்ள குழாய். பிரேக்க மிதிக்கலாம்னா காலு இல்ல. ஸ்கூல் கார்ல பக்கத்து சீட்ல இருக்கறவனுக்கு ஒரு பிரேக் வெச்சிருப்போமே, அதக்கூட அவங்க எனக்கு வெக்கல.”

பிறகு என்னைக் கேட்டார். “அப்பத்தான் ஒன் குரல் கேட்டுச்சு. ‘சரி, போடறேன்’ன்னு. நீ என்ன வித்துட்டன்னு நெனச்சேன். எத்தன நாள் அத நெனச்சுகிட்டே கெடந்தேன் தெரியுமா? நெசமா சொல்லு. நீ போட்டது எதுக்கு?”

நீ சொல்லிக் கொடுத்தபடி, அது ஞாபகமில்லை, மருந்து செய்த வேலை என்று சொல்லலாம். ஆனால் குலுக்கல் நடந்தது நிஜம். கை கட்டியது நிஜம். நான் ‘சரி, போடறேன்’ என்று சொன்னதும் நிஜம், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று உன்னோடு போனில் பேசியபோது சொன்னேன். விற்றது ஒன்றுதான் பொய். மூன்று நிஜத்துக்கு நடுவில் அந்த ஒரு பொய்யை எப்படிப் பிரித்து எடுத்துக் காட்டுவேன்? “உங்க உயிருக்காகப் போட்டேன்” என்றேன். “இருக்கலாம்” என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் ‘இருக்கலாம்’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

இருந்தும் நர்ஸிடம் சொன்னால் தெளிவாகும் என்று நம்பினார். வியாழக்கிழமை காலையிலேயே சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, முன்னறையில் எதிர்நாற்காலியைத் துணியால் துடைத்துப் போட்டு உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. அடுத்த வியாழனும் அப்படியே. அதற்கடுத்த வியாழனும். கேட் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார், தண்ணீர் கேன் போடுகிறவராக இருக்கும்.

போன வாரம் எதிர்நாற்காலியை அவரே தூக்கி உள்ளே வைத்துவிட்டார். மறுபடி பேச்சை நிறுத்திவிட்டார்.

தேதி மாறியிருந்தால் எழுது. நர்ஸுக்கு உடம்பு சரியில்லையென்றால் வேறு யாரையாவது அனுப்பு. உன்னிடம் இதுவரை எந்த உதவியும் கேட்டதில்லை.

அக்கா

*

செப்டம்பர் 30

அன்பு அக்காவுக்கு,

நலம்தானே? பதில் எழுத எத்தனையோ முறை உட்கார்ந்தேன். ஒன்று மாற்றி ஒன்று வேலை வந்துவிட்டது.

இரண்டாம் கட்டத்தை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. காரணங்கள் பல. எல்லா ஊர்களுக்கும் அனுப்ப நர்ஸுகள் இல்லை. ஒன்றிரண்டு இடங்களில் கேட்டுப் பார்த்தோம், வந்த பதில்கள் ஒரு வரையறைக்குள் வரவில்லை. அதையும் சேர்த்தால் ஆய்வு வெளிவர இன்னும் ஒரு வருடம் ஆகும். அதற்குள் எத்தனை ஐ.சி.யூ.க்களில் எத்தனை பேர் இந்தச் சிகிச்சை முறை கிடைக்காமல் இறந்துபோவார்கள் என்றும் யோசிக்க வேண்டும் இல்லையா? குழுவில் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. உனக்குத் தகவல் தராமல் விட்டது தவறுதான். ஊருக்கு ஊர் கடிதம் போகும் என்றார்கள், போகவில்லை போலிருக்கிறது.

ஆய்வு வெளியாகிவிட்டது. ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். நன்றி சொல்லும் பகுதியில் ‘நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும்’ என்று போட்டிருக்கிறோம். எழுதும்போது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

மாமாவிடம் நான் பேசுகிறேன். கடைக்கு ஒருநாள் அவரை அழைத்து வா, போனில் பேசுவோம். நல்ல மனநல மருத்துவர் ஒருவரையும் விசாரித்து வைக்கிறேன்.

தம்பி

*

நவம்பர் 21

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள். என் முந்தைய கடிதத்துக்கு நீ பதிலே போடவில்லை. மாமாவுக்கு மறுபடி காய்ச்சல், மூச்சு வாங்குகிறது, நீ ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுக்கிறாய் என்று சிநேகிதர் சொன்னார். மருமகள் அவரிடம் போய் அழுதிருக்கிறாள். கடைக்குப் போன் போட்டால் நீ லீவு என்கிறார்கள். கூரியரில் அனுப்புகிறேன்.

இது மறுபடி நிமோனியாவாக இருந்தால் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. போன தடவையைவிடச் சீக்கிரம் சேர்த்தால் நிச்சயம் பிழைப்பார். நிச்சயம் என்ற வார்த்தையை நான் சாதாரணமாகச் சொல்கிறவன் இல்லை. ஆம்புலன்ஸோடு சிநேகிதரை வீட்டுக்கே அனுப்புகிறேன். தயவுசெய்து கையெழுத்துப் போடு. இந்த வாரம் இங்கிருந்து என்னால் அசைய முடியாது, நம் முறையைக் கற்றுக்கொள்ள நான்கு ஆஸ்பத்திரிகளிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். முடிந்ததும் ஓடி வருகிறேன்.

தம்பி

*

டிசம்பர் 18

தம்பிக்கு,

நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். உன் மாமா போனதை மகள் உனக்குப் போனில் சொல்லிவிட்டாள். எப்படிப் போனார் என்பதை நான்தான் எழுத வேண்டும்.

உன் கூரியரும் நெட்டை டாக்டரும் ஒரே நாளில் வந்தார்கள். காலை பதினோரு மணி இருக்கும். ஆம்புலன்ஸ் விளக்கு முன்னறைச் சுவரில் சுற்றிச் சுற்றி அடித்தது. அவர் நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்து, முழங்காலில் கையை ஊன்றி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்துவிட்டு என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார்.

“ஒரு கையெழுத்து போதும்மா. மிச்சத்த நாங்க பாத்துக்குறோம்.”

அவருக்கு அது கேட்டுவிட்டது. “இங்க வந்து பேசுங்க டாக்டர்” என்றார். வந்தோம். என் சேலையைப் பிடித்துக்கொண்டார்.

“இந்த ஒரு தடவ என் பக்கம் நில்லு.”

டாக்டர் கெட்டவர் இல்லை. குனிந்து, மெதுவாகத்தான் சொன்னார். “மூச்சு கொறஞ்சா புத்தி தெளிவா இருக்காதும்மா. அவர் சொல்றத வெச்சு முடிவெடுக்காதீங்க.”

நான் அவர் முன்னால் உட்கார்ந்தேன். “நான் யாருன்னு தெரியுதா?” என்றேன். “என்ன வித்தவள்னு நெனச்சேனே, அவ. விக்கல. எனக்குத் தெரியும்” என்றார். தம்பி, அந்த ஒரு வார்த்தைக்காக மாதக்கணக்கில் காத்திருந்தேன். அது இப்படி வந்து விழும் என்று நினைக்கவில்லை.

“நீங்க பொழச்சிடுவீங்களாம். தம்பி நிச்சயமா சொல்றான்.”

“எனக்கும் தெரியும். அதான் பயமா இருக்கு.”

டாக்டர் படிவத்தை நீட்டினார். நான் மாட்டேன் என்றேன். மகள் என் கையைப் பிடித்து உலுக்கி, “கொல்றியாம்மா” என்று கத்தினாள். அதற்கும் மாட்டேன் என்றேன். டாக்டர் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரை இறக்கிவைத்து, மூச்சுத் திணறல் தெரியாமலிருக்க ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் கொஞ்சம் பேசினார். காரை விற்காதே, நீ ஓட்டக் கற்றுக்கொள் என்றார். எனக்கு யார் கற்றுக்கொடுப்பார்கள் என்றேன். ரிவர்ஸ் வராதவனிடம் மட்டும் போகாதே என்றார். மூவரும் சிரித்தோம். அதற்கடுத்த நாள் மதியம், மகள் மேல் சாய்ந்திருந்தபோது போய்விட்டார். அவர் கையை யாரும் பிடித்து வைக்கவில்லை.

நான் செய்தது சரியா என்று உன்னிடம் கேட்கவில்லை. நானே தினமும் கேட்டுக்கொள்கிறேன், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் வருகிறது. அவர் போன பிறகு முதல் வாரம் நன்றாகத் தூங்கினேன். அது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுவும் நடந்தது. மகள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

உன் ஆய்வை மகளை விட்டுத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டேன். முதல் படத்தில், பிழைத்தவர்களைக் காட்ட, குழுவுக்கு ஒன்றாக இரண்டு கோடுகள் போகின்றன. மேல்கோட்டில் அவரும் இருக்கிறார் என்றாள். மூன்று மாதத்தோடு அந்தக் கோடு நின்றுவிடுகிறது.

ஒன்றுதான் கேட்க வேண்டும். ஒன்றிரண்டு இடங்களில் கேட்டுப் பார்த்தோம் என்று எழுதியிருந்தாயே, அந்த வீடுகளில் என்ன சொன்னார்கள்?

அக்கா

*

ஜனவரி 25

அன்பு அக்காவுக்கு,

நீயும் மருமகளும் ஒருவருக்கொருவர் துணையாக இருங்கள். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் இருந்த இருப்பை எழுதத் தெரியவில்லை. மாமாவின் தோளில் ஏறி விளையாடியவன் நான். உன்மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு டாக்டராக, அவர் பிழைத்திருப்பார் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சும்மா இருக்க என்னால் ஆகாது. புதிதாக ஒரு ஆய்வு தொடங்குகிறேன். ஐ.சி.யூ.விலிருந்து பிழைத்து வீடு திரும்பியவர்களின் வாழ்க்கை பற்றியது. மாமாவின் நினைவாகத்தான். குடும்பத்தார் சொல்வதைச் சொன்னபடியே சேர்க்கலாம் என்றிருக்கிறோம். உன் கடிதங்களைப் போல எதுவும் இல்லை அக்கா. படிப்பவர் யாராக இருந்தாலும் உலுக்கிவிடும். ஊர், பெயர் எதுவும் இல்லாமல் அவற்றைப் பயன்படுத்த அனுமதி தருவாயா? முன்பு போட்டோவுக்குக் கேட்காமல் விட்டேன், இம்முறை முறையாகக் கேட்கிறேன். ஒப்புதல் படிவம் இணைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் வருகிறேன்.

தம்பி

*

பிப்ரவரி 11

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. படிவத்தை அப்படியே திருப்பி அனுப்புகிறேன்.

நான் எழுதியதெல்லாம் அக்கா தம்பிக்கு எழுதியது. சேர்த்துவைத்துக்கொள்வதானாலும் கிழித்துப் போடுவதானாலும் உன் இஷ்டம். வேறு எங்கும் அது போகக் கூடாது. அதுவும் அவர் சொன்னதில் கால்வாசிகூட இல்லை. மீதியை அந்த நர்ஸிடம் சொல்ல வைத்திருந்தார்.

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன், அந்தக் கேள்வி வந்ததாகவே நீ காட்டிக்கொள்ளவில்லை. அந்த வீடுகளிலும் எங்கள் வீட்டைப் போலத்தான் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் நீங்கள் மேற்கொண்டு கேட்பதை நிறுத்தினீர்கள். எனக்குப் படிப்பு இல்லை, ஆனால் உன்னைத் தூக்கி வளர்த்தவள். எதைச் சொல்லாமல் விட்டால் என்ன செய்திருப்பாய் என்று தெரியும்.

நீ கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. அப்படி நினைக்க முடிந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் வருவதாக எழுதியிருக்கிறாய். இங்கே வராதே. டிக்கெட் எடுத்துவிட்டாயானால் அந்த நாட்களை வீணாக்காதே. உன் மேல்கோட்டில் இருப்பவர்களின் விலாசம் உன்னிடம் இருக்கும். யாராவது ஒருவர் சவரம் செய்து, சட்டை மாற்றி உட்கார்ந்திருப்பார். அங்கே போய்க் கதவைத் தட்டு.

அக்கா